சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,349 கி.மீ., டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம். கணக்கு எங்கே இடிக்கிறது?

பூன்லே_வாசி கேட்டது:

வணக்கம். செப்டம்பர் மாதம் அப்பாவையும் அம்மாவையும் (68, 64) சாங்கியிலிருந்து நியூயார்க் அனுப்புகிறோம். தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள், அவள்தான் வந்து கூட்டிக்கொண்டு போவாள். டிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

தூரம் 15,349 கி.மீ. என்று பார்த்தேன். விமானம் மணிக்கு 900 கி.மீ. என்றால் 17 மணி நேரம் வர வேண்டும். தூரம் கணக்கிடும் ஒரு தளம் 19 மணி 40 நிமிடம் என்கிறது. டிக்கெட்டில் போக 18:40, வர 18:50 என்று இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் காற்று ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் தடுக்கும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் போகவும் வரவும் ஏறக்குறைய ஒரே நேரம் எப்படி ஆகும்?

இன்னொன்று: இரவு 11:35க்குக் கிளம்பி மறுநாள் காலை 6:15க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. வரும்போது +2 என்று ஒரு குறி. தங்கையிடம் எந்தத் தேதி, எத்தனை மணி என்று சொல்வது? ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் விலை குறைகிறது. வயதானவர்களுக்கு எது நல்லது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வரைபடப்பித்தன்:

முதலில் தூரம். அந்த 15,349 சரிதான், அதை நீங்களே கையால் சரிபார்க்கலாம். சாங்கி விமான நிலையம் வடக்கு 1.36 பாகை, கிழக்கு 103.99. நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.78. இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.77. அதாவது இரண்டு ஊரும் பூமிப்பந்தின் ஏறக்குறைய நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அப்படி இருந்தால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை உரசிக்கொண்டுதான் போகும். எனவே சைன், கோசைன் எதுவும் வேண்டாம். சாங்கியிலிருந்து துருவம் வரை 90 − 1.36 = 88.64 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் வரை 90 − 40.64 = 49.36 பாகை. கூட்டினால் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்குங்கள்: 15,345 கி.மீ. பூமி துருவத்தில் கொஞ்சம் தட்டையானது, அதனால் சில கி.மீ. முன்னே பின்னே வரும்.

(இந்தக் குறுக்குவழி நேர் எதிர்த் தீர்க்கரேகையில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும்தான். சென்னை – லண்டன் மாதிரி ஊர்களுக்குப் போட்டால் தப்பாக வரும்.)

சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தை நம்பாதீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வைத்திருக்கும் உருண்டையை எடுத்து, ஒரு நூலை சிங்கப்பூரில் அழுத்திப் பிடித்து நியூயார்க் வரை இறுக்கி இழுங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, ஐரோப்பா பக்கமும் போகாது. தாய்லாந்து, லாவோஸ், சீனாவின் சிச்சுவான், மங்கோலியா, சைபீரியா என்று நேராக வடக்கே ஏறி, துருவத்திலிருந்து 300 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் கடந்து, கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் வழியாக இறங்கும். சாங்கியில் கிளம்பும்போது திசைகாட்டி 357 பாகைக்கு மேல் காட்ட வேண்டிய வழி அது.

அந்தத் தளத்தின் 19:40 எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பல தளங்கள் தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டிவிடும். 15,349 ÷ 800 = 19.2, அதனுடன் அரை மணி. சென்னை – மதுரைக்கும் அதே சூத்திரம், நியூயார்க்குக்கும் அதே சூத்திரம். குறுகிய தூரத்துக்கு ஓரளவு பொருந்தும், நீண்ட தூரத்துக்குப் பொருந்தாது. பயணம் நீளும்போது விமானம் முழு வேகத்தில் ஓடும் பங்கு கூடிக்கொண்டே போகிறது, 800 என்பது மிகக் குறைவாகிவிடுகிறது.


கடல்காற்று77:

போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்க்காற்று. நிறுவனம் இரண்டுக்கும் சராசரி எடுத்து ஒரே நேரம் போட்டிருக்கும். அவ்வளவுதான்.


காற்றுக்கணக்கர்:

இல்லை கடல்காற்று, சராசரி எடுத்து யாரும் அட்டவணை போடுவதில்லை. ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாகத்தான் போடுவார்கள். சென்னை – லண்டன் மாதிரி ஒரே பாதையில் போய்வரும் வழியில் இரண்டு நேரமும் தெளிவாக வித்தியாசப்படும். இந்த வழி வேறு மாதிரி. பூன்லே_வாசி கேட்ட கேள்விக்கு விடையும் அதில்தான் இருக்கிறது: இந்த விமானம் பெரும்பாலான நாட்களில் போகும்போதும் கிழக்கே போகிறது, வரும்போதும் கிழக்கே வருகிறது. போய்த் திரும்பினால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாயிற்று.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால் தென்சீனக் கடல், தைவான் அல்லது ஜப்பான் பக்கம், பசிபிக்கின் வடபகுதி, அலாஸ்கா அல்லது கனடா, நியூயார்க். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கி, மேற்கு ஆசியா அல்லது நடு ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா, சிங்கப்பூர். ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று. 30,000 முதல் 40,000 அடி உயரத்தில், அதாவது விமானம் பறக்கும் உயரத்திலேயே ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும் நாட்கள் உண்டு. இரண்டு ஊரும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரம் பெரிதாக மாறாது. பிறகு எதற்கு எதிர்க்காற்றில் முட்ட வேண்டும்?

எண்ணில் பார்ப்போம். இந்த வழியில் ஓடும் ஏ350 விமானத்தின் பயண வேகம் மாக் 0.85. அந்த உயரத்தில் வெளியே மைனஸ் 56 டிகிரி குளிர், ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,062 கி.மீ. அதில் 0.85 பங்கு 903 கி.மீ. இது காற்றோடு ஒப்பிட்ட வேகம். தரையோடு ஒப்பிட்ட வேகம் வேண்டுமானால் காற்றைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.

துருவ வழி 15,349 கி.மீ., காற்றே இல்லை என்று வைத்தால் 17.0 மணி. டோக்கியோ பக்கமாக வளைந்தால் சிங்கப்பூர் – டோக்கியோ சுமார் 5,350, டோக்கியோ – நியூயார்க் சுமார் 10,830, மொத்தம் 16,180 கி.மீ. எண்ணூறு கி.மீ.க்கு மேல் சுற்று. ஆனால் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. பின்காற்று கிடைத்தால் 963ஆல் வகுக்கிறோம், 16.8 மணி. சுற்றிப் போயும் நேரம் கூடவில்லை. அதே பாதையில் திரும்பி வந்தால் 843ஆல் வகுக்க வேண்டும், 19.2 மணி ஆகிவிடும். அதனால்தான் திரும்பும்போது அட்லாண்டிக் பக்கம். லண்டன் பக்கமாக வளைந்தால் 5,540 + 10,880 = 16,420 கி.மீ. பின்காற்றோடு 17 மணியை ஒட்டி வந்துவிடும். காற்று தினமும் இடம் மாறுவதால் பாதையும் தினமும் புதிதாகப் போடப்படும். சில நாட்களில் துருவப் பக்கம் சாயும், சில நாட்களில் தெற்கே இறங்கும். விமானத்தை இணையத்தில் பின்தொடர்ந்து பார்த்தால் ஒரு வாரத்தில் நான்கைந்து வெவ்வேறு வளைவுகளைப் பார்க்கலாம்.

எரிபொருள் கணக்கும் இதையே சொல்கிறது. எஞ்சின் எரிபொருளைக் குடிப்பது காற்றில் கழித்த நேரத்துக்கு, தரையில் தாண்டிய கி.மீ.க்கு இல்லை. பயணத்திட்டம் போடுபவர்கள் தரைத் தூரத்தைவிடக் காற்றுத் தூரத்தைத்தான் பார்ப்பார்கள். காற்று சும்மா இருந்தால் இந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்ற கணக்கு அது.

போய்வரும்போது காற்று ஒன்றுக்கொன்று கழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கழியாது. 15,000 கி.மீ. வழி, வேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். ஒரு பக்கம் 1,000ஆல் வகுத்தால் 15 மணி. மறுபக்கம் 800ஆல் வகுத்தால் 18 மணி 45 நிமிடம். மொத்தம் 33:45. காற்றே இல்லாவிட்டால் 33:20. எதிர்க்காற்றில் கழிக்கும் நேரம் எப்போதும் அதிகம், ஆகவே இழப்பும் அதிகம்.

பிறகு, வரைபடப்பித்தன் சொன்ன அந்த நூல் வழியில் ஏன் அடிக்கடி போவதில்லை என்பதற்குக் காற்றைத் தவிர வேறு காரணங்களும் இருக்கின்றன. 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியில் பறப்பதில்லை. ஃபின்ஏர் நிறுவனத்தின் ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் ஒன்பதரை மணியிலிருந்து 13 மணியானது இதனால்தான். சிச்சுவானின் மேற்கே மலைகள் உயரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரமாக இருக்கும் இடங்கள் உண்டு, ஆகவே தப்பிக்கும் வழிகளை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். துருவத்தை ஒட்டிப் பறந்தால் பூமத்தியரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும், தொடர்புக்கு வானொலி மாதிரி வேறு ஏற்பாடு வேண்டும். சூரியப் புயல் அடிக்கும் நாளில் அந்த வானொலியும் கெடும்.

குளிர் இன்னொன்று. சிங்கப்பூரில் நிரப்புவது ஜெட் ஏ-1 என்ற எரிபொருள், உறைநிலை மைனஸ் 47. அமெரிக்காவில் வழக்கமாகக் கிடைப்பது ஜெட் ஏ, உறைநிலை மைனஸ் 40. அந்த ஏழு டிகிரி வித்தியாசத்தால், நியூயார்க்கிலிருந்து துருவப் பக்கம் கிளம்பும் விமானத்தில் தொட்டியின் வெப்பநிலையைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வெப்பநிலை இறங்கிவந்தால் கொஞ்சம் வேகத்தைக் கூட்டுவார்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் சூடான உயரத்துக்கு மாறுவார்கள்.

விமானத்தைப் பற்றியும் இரண்டு வரி, ஏனென்றால் விலைக்கு அதுதான் காரணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த நேரடி சேவையை 2004இல் ஏ340-500 விமானத்தில், நியூயார்க்கை ஒட்டி நியூ ஜெர்சியில் இருக்கும் நியூவர்க்குக்குத் தொடங்கியது. நான்கு எஞ்சின், எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தியது. 2018 அக்டோபரில் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் ரகம்) வந்த பிறகு மறுபடி தொடங்கியது, ஜேஎஃப்கேக்கு நேரடி சேவை 2020 நவம்பரில். இந்த யூஎல்ஆர் ரகத்தில் எரிபொருள் கொள்ளளவு 165,000 லிட்டர். லிட்டருக்கு 0.8 கிலோ என்றால் முழுத் தொட்டி 132 டன். விமானம் எழும்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்! ஒரு டன் கூடுதலாக ஏற்றினால் அதைச் சுமப்பதற்கே மணிக்கு அதில் சுமார் 3 சதவீதம் எரியும், 17 மணியில் அந்த டன்னில் பாதிக்கு அருகே அதைத் தூக்கிவந்த செலவிலேயே போய்விடும். அதனால் முன்பக்கச் சரக்கு அறையை மூடிவைத்து, இருக்கைகளை 161ஆகக் குறைத்திருக்கிறார்கள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது.

எழும்பியவுடன் உச்சிக்கு ஏறவும் முடியாது, கனம் அதிகம். முதலில் 31,000 – 33,000 அடியில் ஓட்டி, எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக ஏறி, கடைசி மணிகளில் 39,000 – 41,000 அடிக்குப் போகும். மேலே போகச் சொல்லி அனுமதி கிடைக்காமல் கீழேயே மாட்டிக்கொண்டால் செலவு கூடும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இருப்பு: பயணத்துக்கு வேண்டியது, அதன் மேல் எதிர்பாராததற்கு என்று வழக்கமாக 5 சதவீதம், நியூயார்க்கில் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போக வேண்டியது, அதற்கும் மேலே 30 நிமிடம் வட்டமடிக்க வேண்டியது. கடைசி அரைமணியைத் தொடும் நிலை வந்தாலே அவசரநிலை அறிவித்துவிடுவார்கள். பெற்றோரிடம் தைரியமாகச் சொல்லலாம்.


டிக்கெட்_கவுண்டர்:

அண்ணன் காற்றைச் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைச் சொல்கிறேன்.

டிக்கெட்டில் உள்ள 18:40 பறக்கும் நேரம் இல்லை. சாங்கியில் கேட்டிலிருந்து பின்னே தள்ளும் நொடியிலிருந்து ஜேஎஃப்கேயில் கேட்டில் நிற்கும் நொடி வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஜேஎஃப்கேயில் இறங்கிய பிறகு ஊர்வது, காற்று மோசமான நாளுக்கு என்று விட்ட இடைவெளி எல்லாம் அதற்குள். காற்றில் இருப்பது பெரும்பாலும் 17 மணிக்கும் 18 மணிக்கும் நடுவே. அதனால் அரைமணி முன்னதாகவே வந்து நிற்கும் நாட்கள் சாதாரணம். தங்கை அன்று காலையில் விமான எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும்.

இப்போது தேதி. சிங்கப்பூர் யூடிசி (உலகப் பொது நேரம்) +8, கோடையும் குளிரும் ஒன்றுதான். நியூயார்க் கோடையில் −4, குளிரில் −5. செப்டம்பர் என்றால் வித்தியாசம் 12 மணி. கணக்கை எப்போதும் கிளம்பும் ஊரின் கடிகாரத்திலேயே முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள். நடுவில் மாற்றினால் குழம்பும். 10ஆம் தேதி இரவு 11:35, அதனுடன் 18:40 கூட்டினால் சிங்கப்பூர் நேரப்படி 11ஆம் தேதி மாலை 6:15. பன்னிரண்டு கழித்தால் நியூயார்க்கில் 11ஆம் தேதி காலை 6:15. திரும்பும்போது, எடுத்துக்காட்டாக 10ஆம் தேதி இரவு 10:30க்குக் கிளம்பினால் 18:50 கூட்டி நியூயார்க் நேரம் 11ஆம் தேதி மாலை 5:20, பன்னிரண்டு கூட்டினால் சிங்கப்பூரில் 12ஆம் தேதி விடியற்காலை 5:20. அந்த +2 என்பது இதுதான், கிளம்பிய தேதியிலிருந்து இரண்டு தேதி தள்ளி. மறுநாள் வேலைக்கு விடுப்பு எழுதுபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

செப்டம்பரில் உங்களுக்குச் சிக்கல் இல்லை, ஆனால் அக்டோபர் கடைசியில் திரும்புவதாக இருந்தால் கவனம். விமான நிறுவனங்கள் குளிர்கால அட்டவணைக்கு மாறுவது அக்டோபர் கடைசி ஞாயிறு. அமெரிக்கா கடிகாரத்தைத் திருப்புவது நவம்பர் முதல் ஞாயிறு. நடுவே வரும் நாட்களில் நேரங்கள் ஒரு மணி முன்னே பின்னே போகும். மார்ச்சிலும் இதே கதை: அமெரிக்கா இரண்டாம் ஞாயிறு மாறும், அட்டவணை கடைசி ஞாயிறு மாறும். மாதக்கணக்கில் முன்னதாக டிக்கெட் எடுத்தவர்கள் மின்னஞ்சலில் வரும் நேர மாற்றத்தைப் படிக்காமல் விட்டுவிடக் கூடாது.

விமான நிலையம் எது என்பதைப் பார்த்துப் பதியுங்கள். தேடும்போது நியூயார்க் என்று போட்டால் ஜேஎஃப்கேயும் வரும், நியூவர்க்கும் வரும். இரண்டுக்கும் நேரடி விமானம் உண்டு. தூர வித்தியாசம் வானத்தில் ஐந்து கி.மீ., தரையில் மலைக்கும் மடுவுக்கும். நியூவர்க் நியூ ஜெர்சியிலேயே இருக்கிறது. ஜேஎஃப்கே குயின்ஸில், நடுவே மன்ஹாட்டனையோ ஸ்டேட்டன் தீவையோ தாண்ட வேண்டும், காலை நெரிசலில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். தங்கை நியூ ஜெர்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நியூவர்க் எடுங்கள். போக நியூவர்க், வர ஜேஎஃப்கே என்று விலைக்காகக் கலந்து எடுத்துவிட்டு, திரும்பும் நாளில் தவறான விமான நிலையத்தில் போய் நிற்பது நடக்கிற காரியம்.

ஃபிராங்க்ஃபர்ட் வழி: சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,280 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் 6,190 கி.மீ., மொத்தம் 16,470. நேரடியைவிட 1,100 கி.மீ.தான் அதிகம், ஆனால் நேரம் 24 மணியைத் தொடும். ஒரே விமான எண்ணாக இருந்தாலும் ஃபிராங்க்ஃபர்ட்டில் எல்லோரும் கைப்பையோடு இறங்கி, மறுபடி சோதனை முடித்து ஏற வேண்டும். அதில் சாதாரண எகானமி உண்டு, விலைக் குறைவுக்கு அதுதான் காரணம். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் நடப்பது நல்லது என்று ஒரு பக்கம், தெரியாத இடத்தில் அலைச்சல் என்று இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில் கேட்டுப் போகத் தயங்குபவர்கள் என்றால் என் ஓட்டு நேரடிக்கே. சக்கர நாற்காலி வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அன்று காலையில் கேட்டால் காத்திருக்க நேரும்.

இருக்கை: பிரீமியம் எகானமியின் கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் இருக்கின்றன, தனியாகப் போகிறவர்களுக்கு அருமை. தம்பதிக்கு முன் வரிசைகளில் ஜன்னலோர ஜோடி இருக்கை எடுங்கள், எழுந்து நடக்க ஒருவரையொருவர் தாண்டினால் போதும்.

சாங்கியில் ஒன்று: மூன்றாம் முனையம் வரையிலான முனையங்களில் பைச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். உள்ளே வாங்கிய தண்ணீர் பாட்டிலானாலும் அங்கே கொட்டத்தான் வேண்டும். காலி பாட்டிலாகக் கொண்டுபோய் விமானத்தில் நிரப்பித் தரச் சொல்லுங்கள். பவர்பேங்க் பெரிய பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில் மட்டும். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் பவர்பேங்க்கில் சார்ஜ் போடவும் விடுவதில்லை. இருக்கையிலேயே யூஎஸ்பி உண்டு, கம்பி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.


அண்ணாநகர்_பையன்:

நடுவில் ஒரு சந்தேகம். சென்னையிலிருந்து நியூயார்க் போகிறவர்களுக்கு இந்த சிங்கப்பூர் நேரடி விமானம் பயன்படுமா? ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதுமே.


வரைபடப்பித்தன்:

மறுபடி நூலை எடுங்கள் தம்பி. சென்னை – நியூயார்க் நூல் பிடித்தால் சுமார் 13,480 கி.மீ. துபாய் வழியாகப் போனால் 2,930 + 11,000, மொத்தம் 13,930 சொச்சம். நூலிலிருந்து 450 கி.மீ. விலகல், அது ஒன்றுமே இல்லை. சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் 2,920 கி.மீ. எதிர்த்திசையில் போய், பிறகு 15,349. மொத்தம் 18,270. துபாய் வழியைவிட 4,300 கி.மீ.க்கு மேல் கூடுதல், விமானத்தில் நாலரை மணி கூடுதல். உலகத்தின் தப்பான பக்கத்துக்குப் போய் ஏறுவது மாதிரி. மாறும் ஊர் நூலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அது வேறு விஷயம்.


பூன்லே_வாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நியூவர்க், நேரடி, ஜன்னலோர ஜோடி என்று முடிவாகிவிட்டது. கடைசியாக இரண்டு கேள்வி. அப்பா காலை, இரவு என்று இரண்டு வேளை மாத்திரை சாப்பிடுகிறார். எந்த ஊர் நேரத்தைப் பார்ப்பது? இன்னொன்று அம்மா கேட்டது: இரவில் கிளம்பிக் காலையில் இறங்கினால் முழுக்க இருட்டிலேயே போகுமா, ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன பயன் என்கிறார்.


டிக்கெட்_கவுண்டர்:

மாத்திரைக்குக் கடிகாரத்தைப் பார்க்காமல் இடைவெளியை எண்ணச் சொல்லுங்கள். 12 மணிக்கு ஒரு முறை என்றால், கைக்கடிகாரத்தை சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டு அதே மணிக்குப் போடட்டும். செப்டம்பரில் வித்தியாசம் சரியாக 12 மணி என்பதால் அப்பாவுக்கு அதிர்ஷ்டம்: சிங்கப்பூர் இரவு 8 மணி மாத்திரை நியூயார்க்கில் காலை 8 மணி மாத்திரையாகத் தானே மாறிவிடும். ஆனால் காலையில் ஒரு மருந்து, இரவில் வேறு மருந்து என்றாலோ, இன்சுலின் என்றாலோ, அவருடைய மருத்துவரிடம் பயண நேரத்தைக் காட்டி எழுதி வாங்குங்கள். மருந்து முழுவதும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடி கணுக்காலை மடக்கி நீட்டுவது இரண்டும் கட்டாயம். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது இவ்வளவு நீண்ட பயணத்தில் உண்மையான ஆபத்து.


காற்றுக்கணக்கர்:

அம்மாவிடம் சொல்லுங்கள், ஒரு முழுப் பகல் நடுவில் இருக்கிறது. பசிபிக் வழியாகப் போகும் நாளில் இரவு 11:35க்குக் கிளம்பினால், ஐந்து மணி நேரம் கழித்து ஜப்பானை நெருங்கும்போது விடியும். அது 11ஆம் தேதிச் சூரியன். பசிபிக்கின் நடுவே சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டியதும் தேதி 10க்குத் திரும்பிவிடும், அதாவது சிங்கப்பூரில் ஏற்கெனவே முடிந்துபோன 10ஆம் தேதியின் பகல் மறுபடி வரும். விமானம் கிழக்கே ஓடுவதால் சூரியன் வழக்கத்தைவிட வேகமாகத் தலைக்கு மேலே கடந்து, கனடாவுக்கு மேலே மறையும். பிறகு இரண்டாவது இரவு. அது முடியும் நேரத்தில் நியூவர்க்கில் 11ஆம் தேதி விடியும். ஒரே விமானத்தில் இரண்டு இரவு, ஒரு பகல்.

திரும்பும்போது ஐரோப்பாவை ஒட்டி விடிந்து, மேற்கு ஆசியாவைத் தாண்டும்போது இருட்டும். இரண்டு பயணமும் கிழக்குத் திசை என்பதால், வீட்டில் இருந்த உங்களைவிட அவர்கள் ஒரு சூரிய உதயம் கூடுதலாகப் பார்த்துவிட்டு வருவார்கள். போகும்போது வலது பக்க ஜன்னல் வெயில் பக்கம், தூங்க நினைப்பவர்கள் இடது பக்கம் எடுக்கலாம். அலாஸ்காவின் பனிமலைகளைப் பார்க்க வேண்டுமென்றாலும் இடது பக்கமே பெரும்பாலும் நல்லது, தெளிந்த வானம் கிடைத்தால்.